மச்சான் பிடித்த கயிறு

சங்கு குளிக்கப் பவுல் கடலுக்குள் இறங்கியதுமே, படகில் அவன் கயிற்றை மச்சான் சிலுவை பிடித்துக்கொண்டான். தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான் என்றுதான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள்.

“ஏலே, கை ஏன் இப்படி ஆடுது? இன்னைக்கு நேத்தா பிடிக்கே?” என்றார் படகுக்காரர்.

கீழே பவுல் கயிற்றைச் சுண்டினான். தூக்கு என்று அர்த்தம். சிலுவை இழுக்கவில்லை. பவுல் மறுபடியும் வெறிபிடித்ததுபோல் சுண்டவே, பதறிப்போய் உள்ளங்கை கிழிய இழுத்துவிட்டான்.

மூக்கில் ரத்தம் கொட்ட, பவுல் படகில் வந்து விழுந்தான்.

“மச்சான்னா இவன்லா மச்சான்!” என்றார் படகுக்காரர்.

கரையில் தங்கச்சி அல்போன்சா நின்றிருந்தாள். புருஷன் அடித்து உடைத்த பல்லில் இன்னும் ரத்தம் கசிந்தது.

“பதட்டத்துல இழுத்துட்டேம்ளா,” என்றான் சிலுவை, தணிந்த குரலில்.

“ஏண்ணே, ஒரு கயித்த விடக்கூடவா ஒனக்குத் தெரியல?”