அரக்கு

மாதம் பத்துப் பிரசவம்கூட இல்லையென்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூட உத்தரவு. சீல் வைக்க அதிகாரி வந்தபோது, உள்ளே என் அக்கா இடுப்புவலியில் கத்திக்கொண்டிருந்தாள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர்.

"படிச்சவதானே, நீ பேசுடி" என்று நர்சம்மா என்னை முன்னே தள்ளினார்.

"உத்தரவு போட்டவரை ஜீப்புல பெத்துக் காட்டச் சொல்லுங்க சார்" என்றேன்.

அதிகாரி வார்டு கதவருகே நின்று அக்காவின் கத்தலைக் கேட்டார். பிறகு பையைத் துழாவினார்.

"சீலுக்கு அரக்கு கொண்டுவர மறந்துட்டேம்மா. இன்னொரு நாள் வர்றேன்."

செருப்பு மாட்டக் குனிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அரக்குக் குச்சி என் காலடியில் விழுந்தது. எடுத்து நீட்டினேன்.

"அது என்னோடது இல்லம்மா."

ஜீப் மறையும்வரை, குச்சியை உள்ளங்கைகளுக்குள் பொத்தியபடி கும்பிட்டு நின்றேன்.