தண்ணீர் விட்ட தட்டு

"இன்று மாலை நான்கு மணிக்கு மனித குலம் ஒரு மாபெரும் திருப்பத்தைக் காணப்போகிறது" என்று மைக்கில் முழங்கிய ஆய்வுக்கூட இயக்குநர், "கடைசி வரிசைக்குக் கேக்குதா?" என்றார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் மாமேதை.

கேட்டது. இரண்டு நாளாக அதே வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னணியில் கருவிகள் தெரிய வேண்டுமென்று மேடையே ஆய்வுக்கூடத்துக்குள்தான். சோதனை முடிவுக்கு முன்பே அழைப்பிதழ் போய்விட்டது. முடிவும் மரியாதையாக இன்று காலை வந்து சேர்ந்தது: இலைச்சாறு விட்ட தட்டுகளில் கல்லீரல் புற்றுநோய் செல் ஒன்றுகூட உயிரோடில்லை.

"சார், வெறும் தண்ணி விட்ட தட்டை இன்னும் பாக்கல. ஒப்பிட்டுப் பாக்காம எப்படி..." என்றாள் உதவி ஆய்வாளர்.

"தண்ணில என்னம்மா ஆகும்? அதெல்லாம் சௌக்கியமா இருக்கும். போய் முகத்தைக் கழுவிட்டு வா, போட்டோல வருவ."

முன்வரிசையில் அவளுடைய அக்கா கணவர் வந்து உட்கார்ந்தார். கல்லீரலில் கட்டி. சட்டை தோளில் தொங்கியது.

"மாமா, இன்னைக்கு ஊசி போடுற நாளாச்சே?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன். வாந்தி எடுத்தே உயிர் போகுது. உங்க சாரைக் கேட்டேன், இலையே போதும்னாரு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இலை கைக்கு வரட்டும், சொல்லிக்கலாம். நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் மேடைக்குப் பின்னால் ஓடினாள். செல்களை வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து, தண்ணீர் விட்ட தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

அதிலும் எல்லாம் செத்துக் கிடந்தன.

மேடையில் 'மனித குலம்' ஆரம்பமாகிவிட்டது. கேமராக்கள் மின்னின. மாமா எழுந்து நின்று கைதட்டினார்.

அவள் மறுபடி இன்குபேட்டருக்குள் கையை விட்டாள். அதன் வயரைப் பிடித்துக்கொண்டே சுவர் வரை போனாள். குனிந்தாள். மைக் அடங்கியது.

"பிளக்கை ஏம்மா புடுங்குன?" என்று பல்லைக் கடித்தார் இயக்குநர்.

"மாமா, நேரம் இருக்கு, ஊசி போட்டுக்கக் கிளம்புங்க" என்றாள் முதலில். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"உடம்புச் சூட்டுல இருக்க வேண்டிய பெட்டி சார் இது. ரெண்டு நாளா அதோட பிளக்கைக் கழட்டிட்டு உங்க மைக்கை மாட்டி வெச்சிருக்காங்க."

செல்கள் ஏசிக் குளிரில் செத்திருந்தன. இலைக்கு இதில் சம்பந்தமில்லை.