ஆள் எடை

மெக்கானிக், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவன் மனைவி எதிரே பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். பைக் ரேஸுக்கு இன்னும் மூன்று மாதம். கையில் இருப்பது அறுபதாயிரம்.

“பெரிய பிஸ்டனுக்கும் கார்புரேட்டருக்குமே நாற்பது போயிடும்” என்றான்.

“மிச்சத்துல?”

“லேசான சைலன்சர். அதுல மட்டும் மூணு கிலோ குறையும்.”

“மூணு கிலோவுக்கு இருபதாயிரமா? இவ்வளவு கொட்டியும் போன வருஷம் மாதிரி நாலாவதா வந்தா?”

“வாயைக் கழுவு. வண்டி எடை, ஆள் எடை எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கேன். ஆள் ஐம்பத்திரண்டு கிலோ.”

அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

“இது தப்புங்க. ரேஸ் அன்னிக்கு அஞ்சு கிலோவாவது கூடியிருக்கும்.”

“ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சா கூடாது.”

“டாக்டர் நல்லா சாப்பிடச் சொல்றாங்க. காலைலதான் போய்ப் பார்த்தேன். ரெண்டு மாசமாம்.”

பேனா நின்றது. சுவரில் அவளுடைய ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருஷத்துப் பந்தய எண் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

அவன் பட்டியலின் குறுக்கே கோடு இழுக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோடு அடிக்காதீங்க. மேல இருக்கிற வருஷத்தை மட்டும் மாத்துங்க. நான் ஐம்பத்திரண்டுக்குத் திரும்பி வந்துடுவேன்.”

“அதுக்குள்ள இந்தக் காசு கரைஞ்சிடும்.”

“காசு கரைஞ்சா கரையட்டும். லிஸ்ட் இருக்கட்டும்.”