சத்தமிடாத கதவு

“அத்தை, நீங்க மட்டும் ஏன் எப்பவும் கடைசி வாசல்கிட்டயே உக்காருதீங்க?” என்று பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருமுறை ஆலயத்தில் கேட்டபோது, “காத்து வரும்லா, அதான்” என்று சமாளித்தாள் ஜெபக்கனி. பாதி ஜெபத்தில் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். எழுந்து ஓட வேண்டும். மற்றக் கதவுகள் எல்லாம் கிறீச்சிடும். அந்தக் கதவு மட்டும் சத்தம் போடாது. அதன் கீலுக்கு யாரோ எண்ணெய் விட்டு வந்தார்கள். யாரென்று அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவள் கணுக்காலில் இரண்டு பட்டைகளை ஒட்டி, மெல்ல மின்சாரம் விட்டார்கள். கால் பெருவிரல் துடித்தது.

“வியாதி ஒரு இடம், வைத்தியம் காலுக்கா?” என்று சிரித்தாள்.

“மூத்திரப் பையும் காலும் ஒரே நரம்புக் குடும்பம்தாம்மா. வாராவாரம் வாங்க” என்றாள் சிகிச்சை தந்த பெண்.

பல வார சிகிச்சைக்குப் பிறகு, பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் முதல் வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். மூன்று மணி நேர ஆராதனை. இடையில் ஒருமுறை முட்டியது. இருந்த இடத்திலேயே பொறுத்திருந்தாள், அடங்கிவிட்டது. கடைசிப் பாட்டை எல்லாரையும்விட உரக்கப் பாடினாள்.

ஆலயம் காலியானதும், பையிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து அந்தக் கடைசி வாசல் கதவின் கீலில் சொட்டுச் சொட்டாக விட்டாள். இனி அந்த இடம் யாருக்குத் தேவைப்படுமோ. கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். சத்தமே இல்லை.