பாதிச் சோறு

செல்போன் டவர் எட்டாத தீவு அது. அமாவாசையன்று பவளக்கொடி, இறந்துபோன கணவனுக்காகக் கூரைமேல் சோறு வைத்துவிட்டு இறங்கினாள். காக்கை வந்து வாய் வைக்கும்போது, கீழே அவள் செல்போனில் ஒரு குரல் கேட்டது.

"யாரது?" என்று பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த இன்டர்நெட் டிஷ்ஷைக் கேட்டது காக்கை.

"மேலேயிருந்து செயற்கைக்கோள் அனுப்புது. நான் பிடிச்சுக் குடுக்கிறேன்."

"மேலேயிருந்தா? அப்போ செத்தவரா?"

"சேச்சே, அவ மகன். பட்டணத்துல நல்லாத்தான் இருக்கான்."

"அவன் அமாவாசை தவறாம படகேறி வருவானே?"

"அது நான் வர்றதுக்கு முந்தி. இப்பத்தான் தினமும் பேசிடுறானே."

காக்கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வர முடியாதவர்களுக்குத்தானே கூரையில் சோறு? பிறகு பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மகனுக்கென்று டிஷ்ஷுக்குள் வைத்துவிட்டுப் பறந்தது.