மூன்றாவது நேர்காணல்

"அவ்வளவுதாம்மா. நீங்க போகலாம்" என்று தலைவர் கோப்பை மூடினார்.

துணை இயக்குநர் எழுந்திருக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். கல்வி இயக்குநர் பதவிக்காக மூன்றாவது முறையாக அவள் அவர்கள் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் மேலான அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

முதல் முறை அதைப் போகிற போக்கில்தான் கேட்டார்கள். "உங்க பொண்ண யாரு பாத்துக்குவாங்க?"

அவள் மகள் சிட்டுவுக்கு நடக்க வராது. பேச்சும் வராது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மட்டும் வீடே அதிரச் சிரிப்பாள்.

ஆள் வைத்திருப்பதாகத் துணை இயக்குநர் சொன்னாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதவி அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவருக்குப் போனது. அவருக்கு நான்கு பிள்ளைகள். அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது முறைக்குள் அவள் கணவர் வங்கி வேலையை விட்டுவிட்டார். சிட்டுவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை பின்னுவது எல்லாம் அவர்தான். பின்னல் மட்டும் கடைசிவரை கோணல்தான்.

அவள் அதைச் சொன்னபோது தலைவர் சிரித்தார். "ஆம்பள எத்தன நாளைக்குத் தாங்குவாரு?"

இன்று ஆசிரியர் இடமாற்றம் பற்றிக் கேட்டார்கள். ஒழுகும் வகுப்பறைகள் பற்றி, பாதியில் நின்றுவிடும் பெண்பிள்ளைகள் பற்றிக் கேட்டார்கள். கழிப்பறைகளுக்குக் கதவு போட்ட பிறகு எந்தெந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, ஐந்து பேரும் குறித்துக்கொண்டார்கள்.

"வேற எதுவும் கேக்கணுமா சார்?"

"இல்லம்மா." தலைவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்தவர் தண்ணீர் டம்ளரை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

பதவி தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே, கணவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "கேட்டாங்களா?"

"கேக்கலங்க."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

எப்படிக் கேட்பார்கள்? ஐந்து பேருமே போன மாதம் வீட்டுக்கு வந்து, கூடத்தில் கிடத்தியிருந்த சிட்டுவின் காலடியில் பூ வைத்துவிட்டுப் போனவர்கள்தான்.

"கேட்டிருக்கலாம்" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. "அவளப் பத்தி யார் வாயிலயாவது ஒரு வார்த்த வந்திருக்கும்."