செல்லக்கனியின் கைப்பக்குவம்

மாமா இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்.

எத்தனையோ மாதங்களாக இந்த வீட்டில் நடக்காத அதிசயம். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. விடிந்தால் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவார். அத்தை இறந்ததிலிருந்து மாமாவுக்குச் சோறு போடுவது ஒரு வாரம் எங்கள் முறை, ஒரு வாரம் மூத்த மகன் வீட்டு முறை.

மூத்த மகனின் மனைவி செல்லக்கனி. எனக்கு ஓரகத்தி. வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

என் முறை வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே மனசுக்குள் சமையலை அடுக்க ஆரம்பித்துவிடுவேன். எந்த நாளைக்கு என்ன குழம்பு, அதற்கு என்ன தொடுகறி என்று. ஒரு நாள் வைத்தது அந்த வாரத்தில் திரும்ப வராது. மில்லுக்கு வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரருக்கு இந்தக் கவனிப்பெல்லாம் கிடையாது. மாமா இல்லாத வாரங்களில் அவருக்கு ரசமும் அப்பளமும்தான்.

இப்போதெல்லாம் மாமா எதையும் குறை சொல்வதில்லை. போட்டதைச் சாப்பிடுவார். கையைக் கழுவிவிட்டு வந்து அதே பேச்சை எடுப்பார். செல்லக்கனி போன வாரம் ஒரு புளிக்குழம்பு வைத்தாள் பார். செல்லக்கனி கைக்கு வெறும் பருப்புகூட மணக்கும். செல்லக்கனி, செல்லக்கனி.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன?

அவள் குழம்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன். புளி கரைத்ததா, வெறும் தண்ணீரா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். அதற்கா இந்தப் பாட்டு? இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையை விடுவதில்லை என்று இருந்தேன். நாக்கில் என் குழம்போடுதான் அவர் பஸ் ஏற வேண்டும். நல்ல சீலாக் கருவாடாகப் பார்த்து வாங்கினேன். கோடையில் மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் காயவைத்த மாவத்தல் இருந்தது. அதிலும் ஒரு கை அள்ளிப் போட்டேன். சேத்தூரில் என் அம்மா வீட்டில் இந்தக் குழம்பு வைத்தால் சட்டிக்குச் சண்டை நடக்கும்.

இரண்டாம் தடவை ஊற்றியதையும் மாமா பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை. அது போதும் எனக்கு.

"இன்னைக்குத்தான் தாயி, அப்படியே செல்லக்கனி வச்ச மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு, சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பாராட்டா, அடியா என்று தெரியவில்லை. நான் தட்டைத் தொட்டியில் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். அதே கோபத்தோடு அவருக்கும் போட்டேன். முதல் வாய் வைத்தவர் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடித் துப்பினார். கருவாட்டைக் கழுவினாயா, இல்லை உப்பளத்திலிருந்து நேரே சட்டிக்கு வந்ததா என்று கேட்டுவிட்டுத் தயிரைத் தேடிப் போனார்.

மாமா சாப்பிடும் முன்பு நான் ருசி பார்ப்பதில்லை. இப்போதுதான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

வாயில் வைக்க முடியாத உப்பு. கருவாட்டில் ஓர் உப்பு, மாவத்தலில் ஓர் உப்பு. இந்த இரண்டும் சேருகிற சட்டியில் உப்பே போடக் கூடாது. அவளை ஜெயிக்கிற வேகத்தில் கல்லுப்பையும் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

இதையா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்?

கொரோனாவில் படுத்து எழுந்து வந்தபோது, வாயில் ஒன்றுமே தெரியவில்லை, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார் மாமா. கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னதும் அவர்தான். அதற்கு முன்னால் ஒரு கல் உப்பு கூடினாலும் தட்டைத் தள்ளுகிற மனுஷர். குறை சொல்வதை நிறுத்தியதும், செல்லக்கனி பாட்டை ஆரம்பித்ததும் அதற்கு அப்புறம்தான்.

போன் அடித்தது. செல்லக்கனி. முறை மாறும்போதெல்லாம் மாமா எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேட்பாள். கேட்டாள். ஆனால் போனை வைக்கவில்லை.

"ஏட்டி முனீஸ்வரி, அப்படி என்னத்தத்தான் போட்டு வைக்க நீ? இங்க வந்தா ஒரு வாரமும் ஒன் கைப்பக்குவத்தச் சொல்லியே என்னிய உசுரோட எரிக்காரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

வாசலைப் பார்த்தேன். தெருவில் போகிற யாரிடமோ, காலையில் மூத்தவன் வீட்டுக்குப் புறப்படுவதாக மாமா சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கு செத்துப் போனது தெரிந்தால், இவருக்கு எதைப் போட்டால் என்ன என்று இரண்டு வீட்டிலும் நேற்று மிஞ்சியதுதான் தட்டில் விழும். அவள் அப்படிச் செய்வாள். நானும்தான் செய்திருப்பேன்.

செல்லக்கனியிடம் நான் எதையும் சொல்லவில்லை. இந்த வாரம் என்ன வைக்கப் போகிறாய் அக்கா என்று மட்டும் கேட்டேன்.

நான் எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவள் மாதிரி ஆரம்பித்தாள். நாளைக்கு வெந்தயக்குழம்பாம். செவ்வாய்க்கிழமைக்கு மொச்சை ஊறப்போட வேண்டுமாம். புதன்கிழமை நாட்டுக்கோழி, மிக்சியில் இல்லை, அம்மியில் அரைத்து.

அந்த மனுஷருக்குக் கோழியும் ஒன்றுதான், கீரையும் ஒன்றுதான் என்பது எங்கள் இரண்டு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தெரிந்தும், அம்மியில் அரைத்து என்று அவள் சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது.